சானெட்டில் ‘வோல்டா’ எங்கே? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சானெட் என்ற பதினான்கடிக் கவிதை பற்றிய எந்த அறிமுகத்தைப் படித்தாலும் சீக்கிரமே ‘வோல்டா’ என்ற சொல் வந்துவிடும். ‘9-ஆம் அடியில் வரும் திருப்பம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். புதிதாகப் படிப்பவர் நேராக 9-ஆம் அடிக்குப் போய்ப் பார்ப்பார். பல சமயம் அங்கே ஒன்றும் திரும்பியிருக்காது. தனக்குத்தான் கவிதை பிடிபடவில்லை போல என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். குறை அவர்மேல் இல்லை, அந்த வரையறைமேல்தான். 9-ஆம் அடி வோல்டாவின் வீட்டு முகவரி. ஆள் எப்போதும் வீட்டிலேயே இருப்பார் என்று யாரும் உறுதி தரவில்லை.

கையில் ஒரு சானெட்டும் பென்சிலும் இருந்தால் வோல்டாவை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இங்கே பேச்சு. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். எனவே அங்கிருந்தே தொடங்கலாம்.

சொல் வந்த வழி

வோல்டா இத்தாலியச் சொல். திரும்புவதைக் குறிக்கும் இத்தாலிய வினையோடு ஒட்டியது. அதற்கும் பின்னால் லத்தீனில் உருள்வது, சுழல்வது என்ற பொருளுள்ள ‘வோல்வெரே’ இருக்கிறது. இத்தாலியர்களுக்கு இது அன்றாடம் புழங்கும் சொல். ‘ஊனா வோல்தா’ என்றால் ஒரு தடவை. குழந்தைக் கதைகளை அவர்கள் ‘சேரா ஊனா வோல்தா’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். நம் ‘ஒரே ஒரு ஊரிலே’ மாதிரி. முதலாம் எலிசபெத் காலத்தில், ஆண் தன் பெண் துணையைத் தூக்கிச் சுழற்றும் நடனம் ஒன்றுக்கும் இதே பெயர் இருந்தது. இணையத்தில் வெறுமனே ‘வோல்டா’ என்று தேடினால் பேட்டரியைக் கண்டுபிடித்த அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டாவும் கானா நாட்டு ஆறும்தான் முன்னால் வந்து நிற்கும். கூடவே ‘சானெட்’ என்றும் சேர்த்துத் தேடுங்கள்.

யாப்புக்குள் இந்தச் சொல் எப்படி நுழைந்தது? இதற்கு நல்ல சாட்சி இத்தாலியக் கவிஞர் தாந்தே. 1300-களின் தொடக்கத்தில், மக்கள் மொழியில் கவிதை எழுதுவது பற்றி அவர் லத்தீனில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். முடிக்கவில்லை. அதன் இரண்டாம் பகுதியில் ‘கன்சோனே’ என்ற பாட்டு வகையின் கட்டமைப்பைப் பிரித்துக் காட்டுகிறார். பாட்டின் ஒரு கண்ணி ஒரு மெட்டில் போய்க்கொண்டிருக்கும். ஓரிடத்தில் அந்த மெட்டை விட்டு வேறு மெட்டுக்கு மாறும். அந்த இடத்துக்குப் படித்தவர் சொல்லாக ‘தியேசிஸ்’ என்று பெயர் தருகிறார். கையோடு, பொதுமக்களிடம் பேசும்போது இதை ‘வோல்டா’ என்போம் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

கவனியுங்கள், அவர் பேசுவது சானெட்டைப் பற்றி இல்லை. கருத்துத் திருப்பத்தைப் பற்றியும் இல்லை. பேச்சு மெட்டு மாறுவதைப் பற்றித்தான். அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார், எனக்கு அதுதான் தங்கம்: ஏதாவது ஒரு மெட்டு திரும்ப வந்தால் ஒழிய வோல்டா இருக்க முடியாது. அந்தத் திரும்ப வருதல் திருப்பத்துக்கு முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம், இரண்டு பக்கமும் இருக்கலாம். எங்கேயாவது இருந்தாக வேண்டும். ஒரே மெட்டு மறுபடி வராமல் நீண்டுகொண்டே போகும் பாட்டில் திருப்பம் என்று ஒன்றைக் காட்டவே முடியாது. அப்படிப்பட்ட பாட்டுக்கு எடுத்துக்காட்டாக புரோவென்சால் மொழிக் கவிஞர் அர்னோ தானியேலைச் சொல்கிறார்.

சானெட் அதற்குச் சுமார் 70 ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. சிசிலியில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அவையில் பத்திரம் எழுதும் அதிகாரியாக இருந்த ஜாக்கோமோ தா லென்தீனிதான் இதை முதலில் அமைத்தவர் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. காலம் 1230-களை ஒட்டியது. அவர் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம்: இயைபு மாறி மாறி வரும் எட்டடிக்குப் பின்னால் வேறு இயைபில் ஓர் ஆறடியைச் சேர்த்தார். எட்டும் ஆறும் சமமில்லை என்பதில்தான் சூட்சுமம். ஏழும் ஏழுமாக இருந்திருந்தால் தராசுபோல் நின்றிருக்கும். பின்பாதி குட்டையாக இருப்பதால் அது வேகமாக முடிவை நோக்கி ஓட வேண்டியிருக்கிறது.

பழைய இத்தாலிய யாப்பு நூல்களில் சானெட்டின் முதல் எட்டடியின் பகுதிகளுக்குப் ‘பாதங்கள்’ என்றும், பின் ஆறடியின் பகுதிகளுக்கு ‘வோல்டாக்கள்’ என்றும் பெயர் உண்டு. ஒரு பகுதிக்கு இருந்த பெயர் பின்னாளில் அந்தப் பகுதி தொடங்கும் புள்ளிக்கும், அங்கே நடக்கும் மனத்திருப்பத்துக்கும் ஆகிவந்தது. ஆங்கிலத்தில் கவிதை படிப்பவர்கள் இன்று வோல்டா என்றால் இந்த மூன்றாவது பொருளைத்தான் நினைக்கிறார்கள்.

சரி, பென்சிலை எடுங்கள்.

முதல் வேலை: இயைபைக் குறியுங்கள்

பொருளைத் தேடுவதற்கு முன் அடிகளின் கடைசிச் சொற்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். ஒரே ஒலியில் முடியும் அடிகளுக்கு ஒரே எழுத்தைப் போடுங்கள். நமக்கு அடியின் தொடக்கத்தில் எதுகையைப் பார்த்துப் பழக்கம். இங்கே பார்க்க வேண்டியது அடியின் கடைசியில், அதாவது இயைபை.

இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் (1304–1374) எழுதியதில் பெரும்பாலும் அஆஆஅ, அஆஆஅ என்று இரண்டு நான்கடி வரும். பிறகு புதிய ஒலிகளில் ஆறடி. ஷேக்ஸ்பியரிடம் அஆஅஆ, இஈஇஈ, உஊஉஊ என்று மூன்று நான்கடி, கடைசியில் எஎ என்று ஒட்டி நிற்கும் இரண்டடி. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. இத்தாலியனில் கிட்டத்தட்ட எல்லாச் சொல்லும் உயிரொலியில் முடியும், இயைபு மலிவு. ஆங்கிலத்தில் அது தட்டுப்பாடு. ஆங்கிலக் கவிஞர் தாமஸ் வயட் இத்தாலிய அமைப்பை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோதே கடைசியில் ஈரடி வைத்துப் பார்த்தார். சர்ரே பிரபு ஹென்றி ஹோவர்ட் ஐந்துக்குப் பதிலாக ஏழு ஒலிகளை அனுமதித்து வேலையை எளிதாக்கினார். அவர் 1547-இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். இருவரின் கவிதைகளும் 1557-இல் வெளிவந்த ஒரு தொகைநூல் வழியாகப் பரவலாகின. அந்த ஏழு ஒலி அமைப்புக்குத்தான் இன்று ஷேக்ஸ்பியர் பெயர்.

இப்போது தாந்தேயின் விதியை இங்கே வைத்துப் பாருங்கள். பெட்ரார்க்கிடம் திரும்ப வரும் ஒலி 8-ஆம் அடியோடு நின்றுபோகிறது; காதுக்குத் திருப்பம் 9-இல். ஷேக்ஸ்பியரிடம் மாறி மாறி வரும் ஒழுங்கு 12 வரை தொடர்கிறது; காதுக்குத் திருப்பம் 13-இல். அதாவது உங்கள் பென்சில் குறியே முதல் சந்தேகப் புள்ளியைக் காட்டிவிடும். சந்தேகப் புள்ளி மட்டும்தான், முடிவு இன்னும் இல்லை.

இரண்டாவது: எட்டடியில் நிறுத்துங்கள்

முதல் எட்டடியைப் படித்துவிட்டு மீதியைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். ‘இதுவரை இந்த ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார்?’ என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். ‘என்ன சொல்கிறார்’ என்று கேட்டால் பொழிப்புரை வரும். ‘என்ன செய்கிறார்’ என்று கேட்டால்தான் புலம்புகிறார், கெஞ்சுகிறார், ஒப்பிடுகிறார், அடுக்குகிறார் என்று ஒரு வினை கிடைக்கும். அந்த வினை எந்த அடியில் நின்றுபோகிறதோ அங்கே வோல்டா.

பெட்ரார்க்கின் தொகைநூலில் உள்ள 366 கவிதைகளில் 317 சானெட்டுகள். அதன் முதல் கவிதையே ஒரு சானெட்தான், பழகுவதற்கு அதைவிடத் தோதானது கிடைக்காது. முதல் எட்டடியும் ஒரே நீண்ட வாக்கியம். சிதறிக் கிடக்கும் என் செய்யுள்களில் என் பெருமூச்சின் ஒலியைக் கேட்பவர்களே என்று வாசகரைக் கூப்பிட்டு, என் இளவயதுத் தவறு இது, காதலை அனுபவித்து அறிந்தவர் உங்களில் இருந்தால் மன்னிப்போடு இரக்கமும் கிடைக்கும் என்று நம்புகிறேன் என்று முடிகிறது. செய்வது என்ன? கேட்பவர்களிடம் இரங்கச் சொல்லி வேண்டுகிறார்.

9-ஆம் அடி ‘மா’ என்று தொடங்குகிறது. இத்தாலியனில் ‘ஆனால்’. ஆனால் இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது, நெடுங்காலம் நான் ஊர்வாய்க்குத் தீனியாக இருந்திருக்கிறேன் என்கிறார். ‘நீங்கள்’ மறைந்துவிட்டது. பேச்சு தன்னை நோக்கித் திரும்பிவிட்டது. 11-ஆம் அடியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: ‘தி மே மெதேஸ்மோ மேகோ மி வெர்கோன்யோ’, என்னை நினைத்து எனக்குள் நானே வெட்கப்படுகிறேன். அடுக்கி வரும் மகர ஒலி நம் மோனைக் காதுக்கு உடனே கேட்கும். நான், என்னை, என்னோடு என்று ஆள் தனக்குள்ளேயே சுற்றுவதை அந்த ஒலி காட்டிவிடுகிறது. திருப்பத்தை ‘மா’ அறிவிக்கிறது, இந்த அடி நடத்திக் காட்டுகிறது.

மூன்றாவது: கீல் சொற்களைத் தேடுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

ஆங்கில சானெட்டில் ‘பட்’, ‘யெட்’, ‘தென்’, ‘ஸோ’ போன்ற சொற்களில் கதவு திரும்பும். ஷேக்ஸ்பியரின் 18-ஆம் சானெட் எளிய உதாரணம். கோடைநாளோடு காதலரை ஒப்பிடலாமா என்று கேட்டு, கோடையின் குறைகளை எட்டடி வரை சொல்லி, 9-இல் ‘ஆனால் உன் கோடை வாடாது’ என்று ‘பட்’ போடுகிறார். 29-இலும் அதே இடம், அங்கே ‘யெட்’. ‘ஷேக்ஸ்பியர் என்றால் 13-இல்தான் திருப்பம்’ என்று பாடக் குறிப்புகளில் வருவதை இந்த இரண்டை வைத்தே கழித்துவிடலாம்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் 130-ஆம் சானெட். காதலியின் கண் சூரியன் மாதிரி இல்லை, உதடு பவளம் மாதிரி இல்லை என்று வழக்கமான உவமைகளை ஒவ்வொன்றாகப் போட்டு உடைக்கும் கவிதை. 6-ஆம் அடி ‘பட்’ என்றே தொடங்குகிறது: ரோஜாக்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவள் கன்னத்தில் அப்படி எதையும் பார்க்கவில்லை. 9-ஆம் அடியின் நடுவில் ஒரு ‘யெட்’ வருகிறது: அவள் பேசக் கேட்பது பிடிக்கும், இருந்தாலும் இசை அதைவிட இனிமை என்று தெரியும். முகவரியும் சரி, சொல்லும் சரி. வோல்டா என்று வட்டம் போட்டுவிடத் தோன்றும். ஆனால் நாம் எழுதிவைத்த வினை என்ன? உவமைகளை உடைக்கிறார். 6-இலும் அதையே செய்கிறார், 9-இலும் அதையே செய்கிறார். அந்த வேலை நிற்பது 13-இல்: ‘இருந்தாலும், சத்தியமாகச் சொல்கிறேன், பொய் உவமை சூட்டப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் என் காதலி குறைந்தவள் இல்லை’. அதுவரை அவளைக் குறை சொல்வதுபோல் இருந்ததெல்லாம் மற்றக் கவிஞர்களைக் கிண்டல் செய்தது என்று அப்போதுதான் தெரிகிறது.

நான்காவது: எது திரும்பத் திரும்ப வந்தது, எங்கே நின்றது?

கீல் சொல் ஏமாற்றும்போது இந்தக் கேள்விதான் கைகொடுக்கும். ஷேக்ஸ்பியரின் 66-ஐ எடுங்கள். உலகத்தின் அநியாயங்களை அடுக்கி, சாவே மேல் என்று சலித்துக்கொள்ளும் கவிதை. 3-ஆம் அடி முதல் 12-ஆம் அடி வரை தொடர்ந்து 10 அடிகள் ‘அண்ட்’ என்ற ஒரே சொல்லில் தொடங்குகின்றன. தகுதியற்றவன் பகட்டாக உடுத்துகிறான், அதிகாரம் கலையின் நாக்கைக் கட்டுகிறது, முட்டாள்தனம் வைத்தியர் வேடத்தில் திறமையை ஆள்கிறது என்று மூச்சு விடாமல் போகும். 9-ஆம் அடியில் எந்த வேகத்தடையும் இல்லை, அங்கேயும் ஓர் ‘அண்ட்’தான்.

13-இல் ‘அண்ட்’ நின்றுவிடுகிறது. அப்பாடா என்று பார்த்தால், இதெல்லாம் அலுத்துவிட்டது, போய்விடுகிறேன் என்று முதல் அடியின் பேச்சையே மறுபடி சொல்கிறார். காது திரும்பிவிட்டது, மனம் இன்னும் திரும்பவில்லை. மனம் திரும்புவது 14-இல், ஒரே அடியில்: ஒன்றைத் தவிர, நான் செத்தால் என் அன்புக்குரியவர் தனியாகிவிடுவார். பதின்மூன்று அடிக்கு எதிரே ஓர் அடி. அடுக்கு அவ்வளவு நீளமாக இருந்ததால்தான் இந்த ஓர் அடி தாங்குகிறது. தாந்தே சொன்னதும் இதுதானே?

நம் பக்கம் ஒத்தாழிசைக் கலிப்பா படித்தவர்களுக்கு இந்த இடம் பழகியதாக இருக்கும். மூன்று தாழிசை ஒரே அச்சில் அடுக்கி வரும், ‘எனவாங்கு’ என்று தனிச்சொல் விழும், சுரிதகம் வேறு நடையில் கிளம்பும். இரண்டுக்கும் வரலாற்று உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் கலித்தொகை கேட்டுப் பழகிய காது சானெட்டில் சீக்கிரம் தேறும் என்பது என் எண்ணம்.

ஐந்தாவது: காதும் மனமும் வேறு வேறு இடத்தில் திரும்பினால்

திறமைசாலிகள் வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் பார்வை 1652 வாக்கில் முழுதும் போய்விட்டது. கண் போனதைப் பற்றி அவர் எழுதிய சானெட்டில் இயைபு அமைப்பு அச்சு அசலாக இத்தாலியம்: அஆஆஅ அஆஆஅ, பிறகு இஈஉ இஈஉ. பென்சில் குறி 9-ஐக் காட்டும். ஆனால் பாருங்கள். ஆயுளில் பாதி முடிவதற்குள் ஒளி போய்விட்டதே, கடவுள் தந்த திறமை பயனில்லாமல் கிடக்கிறதே என்று குமைந்து, 7-ஆம் அடியில், ஒளியைத் தராமல் பகல்வேலையை மட்டும் கேட்பாரா என்று கேட்கிறார். 8-ஆம் அடி: ‘என்று மடத்தனமாகக் கேட்கிறேன்.’ முற்றுப்புள்ளி. அதே அடியின் நடுவிலேயே ‘ஆனால் பொறுமை’ என்று வேறொரு குரல் உள்ளே வந்துவிடுகிறது.

பொறுமை எதற்காக வருகிறதாம்? அந்த முணுமுணுப்பைத் தடுக்க. அங்கே மில்டன் போட்ட ‘பிரிவென்ட்’ என்ற சொல்லுக்கு அவர் காலத்தில் ‘முந்திக்கொள்’ என்ற பொருளும் இருந்தது. பொறுமை நிஜமாகவே அரை அடி முந்திக்கொண்டுவிட்டது. 9-ஆம் அடி வரை காத்திருக்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பொறுமை கடைசி அடியில் சொல்லும் பாடம், நின்று காத்திருப்பவர்களும் தொண்டு செய்பவர்களே என்பது! அவசரமாக வந்து பொறுமையைப் போதிக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான் வோல்டாவைத் தேடுகிறோம். தேடிக் கண்டுபிடித்தது தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்க என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு மன்னனின் சிலையைப் பற்றிய ஷெல்லியின் ‘ஓஸிமாண்டியஸ்’ (1818) இன்னொரு வகைச் சிக்கல். அதன் இயைபு எந்த ஒழுங்குக்குள்ளும் அடங்காதது, எனவே பென்சில் குறி உதவாது. 9-ஆம் அடியில் பார்வை உடைந்த சிலையிலிருந்து பீடத்தின் எழுத்துக்கு நகர்கிறது. 12-ஆம் அடியில் ‘வேறு எதுவும் மிச்சமில்லை’ என்ற குட்டி வாக்கியம். சிலர் 9 என்பார்கள், நான் 12 என்பேன்: 9-இல் நாம் இன்னும் பொருள்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், 12-இல்தான் பார்க்க ஒன்றும் இல்லாமல் போகிறது. நீங்கள் 9 என்று சொன்னாலும் சண்டை இல்லை, காரணம் சொல்லத் தெரிந்தால் போதும்.

எழுதிப் பார்க்க விரும்புபவர்களுக்கு

படித்தால் மட்டும் முழுதாகப் பிடிபடாது, ஒன்றாவது எழுதிப் பார்க்க வேண்டும். தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் வாக்கியம் வினையில் முடிவதால் வந்தான், போனான், நின்றான் என்று இயைபு தானாக வந்து விழும். இத்தாலியனைவிட நமக்கு மலிவு. அதனால் 9-ஆம் அடியில் இயைபை மாற்றினால் மட்டும் வாசகர் காதில் எதுவும் விழாது. வேறு ஒன்றை முதல் எட்டடியில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து பிறகு நிறுத்த வேண்டும். எட்டடியும் கேள்வியாக இருக்கட்டும், பிறகு கேள்வியே வேண்டாம். அல்லது எட்டடியும் ‘நீ’ என்று அழைக்கட்டும், பிறகு ‘நீ’ வராமல் போகட்டும். எதுகையை அடிதோறும் ஒரே எழுத்தில் நிறுத்திவிட்டு 9-இல் விட்டுவிடுவதும் நன்றாக எடுபடும்.

‘ஆனால்’ போடாமல் முதல் வரைவை எழுதுங்கள். அந்தச் சொல் இல்லாமலே திருப்பம் தெரிந்தால் அது உண்மையான வோல்டா. தெரியவில்லை என்றால் ‘ஆனால்’ சேர்த்தும் பெரிய பயன் இருக்காது, முதல் எட்டடிக்குப் போய் எது போதுமான அளவு திரும்ப வரவில்லை என்று பாருங்கள். அப்புறம் எழுதியதை ஒரு நண்பரிடம் கொடுத்து, எந்த அடியில் ஆள் மாறினார் என்று மட்டும் கேளுங்கள். கவிதை நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள். நண்பர்கள் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டார்கள்.